பெயர் தைத்த போர்வை

ஹைதராபாத்தும் செகந்தராபாத்தும் இரட்டை நகரங்கள். செகந்தராபாத் பக்கத்தில் சைனிக்புரி என்ற குடியிருப்பு இருக்கிறது. 'சைனிக்' என்றால் படைவீரர். 'புரி' என்றால் ஊர். படையில் பணி செய்து ஓய்வு பெற்றவர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம் இது. அதனால்தான் இந்தப் பெயர். இங்கே தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் எல்லாம் காதில் விழும்.

மார்கழி, தை மாதங்களில் ஹைதராபாத்தில் நல்ல குளிர் இருக்கும். அப்போது வீட்டுக்கு வீடு கனத்த போர்வைகள் வெளியே வரும். சில வீடுகளில் பஞ்சு வைத்த ரஜாய் இருக்கும். சில வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை இருக்கும். இதைத் தெலுங்கில் 'பொந்த' என்பார்கள்.

இத்தகைய குடியிருப்புகளில் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கலாம். ஒன்று பெரிய வீடு. அங்கே கூடத்துச் சுவரில் கையால் தைத்த துணி ஒன்று தொங்கும். அதைக் கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள்.

மற்றொன்று, அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் பெண்ணின் சிறிய வீடு. அங்கேயும் அதே போன்ற துணி இருக்கும். அதை அவளோ, அவள் தாயோ தைத்திருப்பார்கள். ஆனால் அது கட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடக்கும். விருந்தாளி வந்தால், "கந்தல் துணி, பார்க்காதீர்கள்" என்று இன்னும் உள்ளே தள்ளி வைப்பாள்.

இரண்டும் ஊசியும் நூலும் உழைப்பும் சேர்ந்து உண்டானவைதான். பிறகு ஏன் ஒன்று சுவரில் இருக்கிறது, மற்றொன்று கட்டிலுக்கு அடியில் இருக்கிறது? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

பழைய துணி புதிய போர்வை ஆவது எப்படி?

தைத்த போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே ஒரு துணி. கீழே ஒரு துணி. நடுவில் பஞ்சு, அல்லது பழைய துணிகள். மூன்றையும் ஓட்டுத் தையலால் சேர்க்கிறார்கள். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவதுதான் ஓட்டுத் தையல். ஊசி பிடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது வரும்.

நூல் ஓடும் ஒவ்வொரு வரியும் அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. அந்தக் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. துணி நைந்து போனாலும் தையல் அதைத் தாங்குகிறது. அதனால்தான் கிழிந்த நாலைந்து சேலைகள் சேர்ந்து, பல ஆண்டு உழைக்கும் ஒரு போர்வை ஆகின்றன.

இந்த வேலை இந்தியா முழுவதும் நடக்கிறது. பெயர்தான் மாறுகிறது. மராத்தியில் கோதடி. கன்னடத்தில் கௌதி. வங்காளத்தில் காந்தா. பீகாரில் சுஜனி. எல்லா இடத்திலும் பெரும்பாலும் பெண்களே தைத்தார்கள். சமையலும் வயல் வேலையும் முடிந்த பிறகு, கிடைத்த நேரத்தில் தைத்தார்கள். தைத்தவளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

தேரில் தொங்கும் துணி

துணி வேலையைப் பொது இடத்தில் தொங்கவிடுவது தமிழர்களுக்குப் புதிது அல்ல. தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேரைச் சுற்றி வண்ண வண்ணத் துணிகள் தொங்கும். அவற்றுக்குத் தேர்ச்சீலை என்று பெயர். குழாய் போல உருண்டு நீண்டு தொங்குபவை தொம்பைகள்.

இவற்றில் உள்ள தாமரை, மயில், யாளி எல்லாம் வரைந்தவை அல்ல. ஒரு வண்ணத் துணியை உருவமாக வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்தவை. இதை ஒட்டு வேலை என்று சொல்லலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் உண்டு.

ஒரிசா என்று முன்பு அழைக்கப்பட்ட ஒடிசாவிலும் இது உண்டு. அங்கே பிப்பிலி என்ற ஊர் ஒட்டு வேலைக்குப் பேர் பெற்றது. பூரி ஜகந்நாதர் கோயில் தேரோட்டத்தில் மூன்று தேர்கள் வரும். ஒன்றுக்குச் சிவப்பும் மஞ்சளும். இன்னொன்றுக்குச் சிவப்பும் பச்சையும். மூன்றாவதற்குச் சிவப்பும் கறுப்பும். துணியின் நிறத்தைப் பார்த்தே எது யாருடைய தேர் என்று மக்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆயிரக்கணக்கான பேர் அந்தத் துணிகளைப் பார்க்கிறார்கள். கைகூப்புகிறார்கள். ஆனால் தைத்தவர் யார் என்று கேட்டால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. துணி பொது இடத்துக்கு வந்துவிட்டது. பெயர் வரவில்லை.

அப்பாவுக்கு ஒரு மகள் தைத்தது

வங்காளத்துக் காந்தாவின் கதையைக் கேளுங்கள். அங்கே பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்தார்கள். புது நூல் வாங்கப் பணம் ஏது? சேலையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்தார்கள். அந்த நூலால் பூ, மரம், யானை, குதிரை எல்லாம் தைத்தார்கள். படுக்க ஒன்று, போர்த்த ஒன்று, கண்ணாடியைச் சுற்றி வைக்க ஒன்று, புத்தகத்தைச் சுற்றி வைக்க ஒன்று என்று பல வகைக் காந்தாக்கள் இருந்தன.

குருசதய் தத் என்பவர் (1882–1941) வங்காளத்தில் அரசு அதிகாரியாக இருந்தார். அவர் மாவட்டம் மாவட்டமாகப் பணி செய்தார். போன இடமெல்லாம் கிராமத்து மக்கள் செய்த பொருள்களைச் சேகரித்தார். மற்றவர்கள் கந்தல் என்று நினைத்த காந்தாக்களையும் சேகரித்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது.

அந்தத் தொகுப்பில் ஒரு காந்தா புகழ் பெற்றது. அதைத் தைத்தவள் மானதாசுந்தரி. தன் தந்தைக்காக அவள் அதைத் தைத்தாள். படங்களோடு எழுத்துகளையும் தைத்தாள். தன் பெயரையும், அது தந்தைக்கு உரியது என்பதையும் நூலாலேயே எழுதினாள்.

வங்காளத்தில் எத்தனையோ பெண்கள் காந்தா தைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. மானதாசுந்தரியின் பெயர் தெரிகிறது. அவள் எழுதி வைத்தாள். அதனால் தெரிகிறது.

பூசுரா பெண்கள் துணியில் பேசினார்கள்

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்தில் பூசுரா என்ற கிராமம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் பழைய துணிகளைச் சேர்த்துச் சுஜனி தைப்பது வழக்கம். பழைய துணி மென்மையாக இருக்கும். பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது. பல வீட்டுத் துணிகள் ஒரே போர்வையில் சேரும். கந்தல்களுக்கு ஒரு தாய்த் தெய்வம் உண்டு என்றும், அவள் குழந்தையைக் காப்பாள் என்றும் நம்பினார்கள்.

காலப்போக்கில் இந்த வேலை குறைந்தது. 1988-இல் விஜி ஸ்ரீனிவாசன் என்ற பெண்மணி 'அதிதி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு பூசுரா பெண்களோடு சேர்ந்து சுஜனிக்கு மறுபடி உயிர் கொடுத்தது. இப்போது பழைய துணிக்குப் பதில் புதுத் துணி வந்தது. உருவத்தின் ஓரத்தைக் கறுப்பு நூலால் சங்கிலித் தையலில் தைத்தார்கள். உள்ளே வண்ண நூலால் ஓட்டுத் தையல் போட்டு நிரப்பினார்கள்.

என்ன படங்கள் தைத்தார்கள் தெரியுமா? பூவும் பறவையும் மட்டும் அல்ல. வரதட்சணை கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரைத் தைத்தார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் தைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்குழந்தையைத் தைத்தார்கள். எய்ட்ஸ் நோயைப் பற்றியும் தைத்தார்கள்.

வீட்டில் மாமியார் முன்னால் வாய் திறக்க முடியாது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேச முடியாது. ஆனால் துணியில் சொல்லலாம். அந்தத் துணி வெளியூருக்குப் போய்ச் சுவரில் தொங்கும்போது, பார்க்கிறவர்கள் நின்று கேட்கிறார்கள். பூசுராவின் துணிகள் கடல் கடந்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் போயின.

2006-இல் பீகார் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்றால், ஓர் ஊர்ப் பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. வேறு இடத்தில் செய்த துணியை இந்தப் பெயர் சொல்லி விற்கக் கூடாது. பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

ஹப்சிகூடாவும் சித்தி பெண்களும்

சைனிக்புரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹப்சிகூடா என்ற இடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை முற்காலத்தில் 'ஹப்சி' என்று அழைத்தார்கள். அவர்கள் இருந்த இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். ஹைதராபாத் நிஜாமின் படையில் ஆப்பிரிக்கக் குதிரைப்படை ஒன்று இருந்தது. ஏ.சி. கார்ட்ஸ் என்ற பகுதிக்கு அந்தப் படையால்தான் பெயர் வந்தது.

அதே போல ஆப்பிரிக்க வழியில் வந்த சித்தி மக்கள் கர்நாடகத்திலும் வாழ்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் அவர்களின் ஊர்கள் உள்ளன. அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

கவந்தி தைக்கும் முறை தனியானது. முதலில் ஒரு சேலையை அடித்துணியாக விரிக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை வைத்துத் தைக்கிறார்கள். சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் சிறு பூக்கள் வைக்கிறார்கள். அதற்கு 'பூலா' என்று பெயர். பூலா இல்லாத கவந்தியை அவர்கள் முழுமையானது என்று ஏற்பது இல்லை. பூலா குளிரைத் தடுக்காது. அழகுக்காகத்தான் அது இருக்கிறது. ஏழை வீட்டுப் போர்வைக்கும் அழகு வேண்டும் என்று அந்தப் பெண்கள் நினைக்கிறார்கள்.

2004-இல் அவர்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 2011-இல் அவர்களின் கவந்திகள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. வீட்டுத் திண்ணையில் தைத்த போர்வை உலகத்தின் பெரிய நகரம் ஒன்றின் சுவரில் ஏறியது.

பெயர்களால் ஆன போர்வை

அமெரிக்காவிலும் ஏழைப் பெண்கள் போர்வை தைத்தார்கள். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழும் கறுப்பின மக்களின் முன்னோர்கள் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். கிழிந்த வேலை உடைகளை வெட்டிப் பெண்கள் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத்தான் தைத்தார்கள். 2002-இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்க அரசு அவற்றின் படம் போட்டு அஞ்சல் தலைகள் வெளியிட்டது.

இன்னொரு போர்வையின் கதை துயரமானது. 1980-களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் பலர் இறந்தார்கள். அந்த நோய் என்றாலே மக்கள் பயந்தார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லவும் பல குடும்பங்கள் வெட்கப்பட்டன. அப்போது சிலர் ஒரு முடிவு செய்தார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணித் துண்டு தைப்பது. அதில் அவர் பெயரைத் தைப்பது. துண்டின் அளவு 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு.

1987 அக்டோபர் 11 அன்று தலைநகர் வாஷிங்டனில், திறந்த வெளியில் அந்தப் போர்வையை விரித்தார்கள். அன்று அதில் 1,920 துண்டுகள் இருந்தன. பெயர்களைச் சத்தமாகப் படித்தார்கள். பின்னால் அது ஏறக்குறைய 50,000 துண்டுகளாக வளர்ந்தது. அதன் எடை 54 டன். ஊர் ஒளித்து வைத்த பெயர்களை ஒரு போர்வை ஊருக்கு நடுவே விரித்துக் காட்டியது.

உங்கள் போர்வையில் உங்கள் பெயர்

இனி உங்கள் போர்வைக்கு வருவோம். அதிலும் பெயர் வேண்டும். எழுதக் கற்ற கைக்கு அது கடினம் அல்ல.

முதலில் போர்வையின் பின்பக்கம் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். சாக்கட்டியால் பெயரை எழுதுங்கள். எழுத்து இரண்டு விரல் உயரம் இருக்கட்டும். பிறகு அதன் மேலேயே சங்கிலித் தையல் போடுங்கள். 'ப', 'ட' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் எளிதாக வரும். 'ழ', 'ஜ', 'இ' போன்ற வளைந்த எழுத்துகளுக்குத் தையல் சின்னதாக இருக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு முடிச்சுத் தையல் போதும்.

பெயருக்குக் கீழே ஊரும் ஆண்டும் தைத்துவிடுங்கள். தாயோ பாட்டியோ தைத்த போர்வை என்றால் அவர்கள் பெயரைத் தைக்க வேண்டும். உங்கள் பெயரை அல்ல. பலர் சேர்ந்து தைத்தால் எல்லாப் பெயரும் வர வேண்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அது அவர் உழைப்பை மறைத்தது போல ஆகும்.

வீட்டுச் சுவரில் தொங்கவிடும் முறை

போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிடக் கூடாது. முழு எடையும் அந்த ஒரு இடத்தில் இழுக்கும். துணி கிழியும். ஆணி துருப்பிடித்தால் கறை படியும்.

சரியான முறை இது. பாவாடையில் நாடா நுழைக்கப் பட்டை தைப்போம் அல்லவா? அது போலவே போர்வையின் பின்பக்கம், மேல் ஓரத்தில் ஒரு பட்டை தையுங்கள். பட்டை நான்கு அங்குல அகலம் இருக்கட்டும். பின்துணியோடு மட்டும் சேர்த்துத் தையுங்கள். முன்பக்கம் தையல் தெரியக் கூடாது. பட்டைக்குள் வழவழப்பாகச் செதுக்கிய மூங்கில் கழியை நுழையுங்கள். கழியின் இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அந்த முனைகளைச் சுவரில் உள்ள கொக்கிகளில் வையுங்கள். எடை ஒரே அளவாகப் பரவும்.

எந்தச் சுவர் நல்லது? வெயில் நேராகப் படும் சுவர் வேண்டாம். வெயில் சாயத்தை வெளுக்கும்; நூலையும் இற்றுப் போகச் செய்யும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் வேண்டாம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும் சுவரும் வேண்டாம். பூஞ்சை பிடிக்கும். விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் தொங்கவிடவே கூடாது.

ஆண்டு முழுவதும் ஒரே போர்வையைத் தொங்கவிடாதீர்கள். சில மாதம் தொங்கிய பிறகு அதை இறக்கி, நிழலில் காற்றாட விடுங்கள். எடுத்து வைக்கும்போது சுருட்டி வைப்பது நல்லது. மடித்து வைத்தால் மடிப்பில் துணி இறும். மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். காய்ந்த வேப்பிலையைச் சிறு துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். பூச்சி அண்டாமல் இருக்க இது உதவும்.

துவைக்கும் முன் சாயம் போகுமா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேயுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினால் தண்ணீரில் போடக் கூடாது. தூசியை மட்டும் தட்டி எடுங்கள்.

பொது இடத்தில் வைக்கும் முறை

ஒரு தெருவில் பத்து வீட்டில் பத்து போர்வை இருக்கலாம். பத்தையும் ஓரிடத்தில் வைத்தால் அதுவே கண்காட்சி. நூலகம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம் எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். 2019-இல் சென்னையில் போர்வைகளுக்கு என்றே ஒரு திருவிழா நடந்தது. பெரிய கூடம் இருந்தால்தான் முடியும் என்று இல்லை. ஒரு நல்ல சுவர் போதும்.

முதலில் இடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுதிக் கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை போர்வை என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யாருடைய போர்வை, எப்போது வந்தது, எப்போது திரும்பியது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இப்படிச் செய்தால் பின்னால் சண்டை வராது.

போர்வையின் நடுப்பகுதி பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரட்டும். ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். துணி என்றால் தொட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அதற்காக ஒரு சிறு மாதிரித் துண்டைத் தனியாக வையுங்கள். "இதைத் தொட்டுப் பாருங்கள்" என்று எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு போர்வைக்கும் பக்கத்தில் ஓர் அட்டை வேண்டும். அட்டையில் இவை இருக்கட்டும்:

தைத்தவர் பெயர்
ஊர்
தைத்த ஆண்டு
எந்தத் துணிகளால் தைத்தது
எத்தனை நாள் ஆனது
விற்பனைக்கு உண்டா, இல்லையா

கதை இருந்தால் இரண்டு வரி சேருங்கள். இறந்துபோன தாயின் சேலை ஒரு போர்வையில் இருக்கலாம். மகன் முதல் நாள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை இருக்கலாம். அந்த இரண்டு வரியைப் படித்த பிறகு, யாரும் அதைக் கந்தல் என்று சொல்ல மாட்டார்கள். சைனிக்புரி போன்ற இடத்தில் அட்டையைத் தமிழில் எழுதி, கீழே தெலுங்கிலும் எழுதச் சொல்லுங்கள்.

விலை சொல்வது எப்படி?

கண்காட்சியில் யாராவது, "இதை விற்பீர்களா?" என்று கேட்பார்கள். அவசரப்பட்டு விலை சொல்லாதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். இதோ ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடித்துணி 4 மீட்டர். மீட்டர் 80 ரூபாய். ஆக 320 ரூபாய்.
நூல், ஊசி 60 ரூபாய்.
வேலை 20 நாள். நாளுக்கு 4 மணி நேரம். ஆக 80 மணி நேரம்.
மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் 80 × 50 = 4,000 ரூபாய்.
மொத்தம் 320 + 60 + 4,000 = 4,380 ரூபாய்.

ஒருவர், "பழைய துணிதானே, 1,000 ரூபாய் வைத்துக்கொள்" என்கிறார். கொடுத்தால் என்ன ஆகும்? 1,000-இல் துணிக்கும் நூலுக்கும் செலவான 380-ஐக் கழியுங்கள். மீதி 620. இதை 80 மணி நேரத்துக்குப் பங்கிடுங்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு 8 ரூபாய்கூட இல்லை. துணி பழையதாக இருக்கலாம். உழைப்பு பழையது அல்ல. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் காட்டுங்கள்.

எல்லாப் போர்வையையும் விற்க வேண்டும் என்பதும் இல்லை. பாட்டியின் போர்வை விற்பனைக்கு அல்ல என்றால் அப்படியே எழுதி வையுங்கள். பெருமைக்காக மட்டும் ஒரு பொருளைச் சுவரில் வைக்க ஏழைக்கும் உரிமை உண்டு.

நினைவில் கொள்ளுங்கள்

கையால் தைத்த போர்வை கந்தல் அல்ல. அது உழைப்பு.
சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள். பட்டை தைத்துக் கழி நுழையுங்கள்.
வெயில், புகை, ஓதம் மூன்றும் போர்வைக்குப் பகை.
தைத்தவர் பெயரைப் போர்வையிலேயே தையுங்கள்.

கேள்விகள்

1. சைனிக்புரி என்ற பெயருக்கு என்ன பொருள்?
2. மானதாசுந்தரியின் பெயர் இன்றும் எப்படித் தெரிகிறது?
3. பூசுரா பெண்கள் சுஜனியில் என்னென்ன படங்கள் தைத்தார்கள்?
4. வெயில் படும் சுவரில் போர்வையை ஏன் தொங்கவிடக் கூடாது?

கணக்கு

சுவரில் தொங்கவிட ஒரு போர்வை தைக்க வேண்டும். நீளம் 5 அடி. அகலம் 4 அடி. ஒவ்வொரு துண்டும் அரை அடிச் சதுரம். தையலுக்கு விடும் துணியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எத்தனை துண்டுகள் வேண்டும்? (விடை: நீளவாக்கில் 10, அகலவாக்கில் 8. ஆக 80 துண்டுகள்.)

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் கையால் தைத்த போர்வை இருக்கிறதா? யார் தைத்தது? யார் யாருடைய துணி அதில் இருக்கிறது? தைத்தவர் உயிரோடு இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிப் பாருங்கள்

கீழே உள்ள அட்டையை நிரப்புங்கள். போர்வையைத் தைத்தவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தைத்தவர் பெயர்: ____________
ஊர்: ____________
ஆண்டு: ____________
எந்தத் துணிகள்: ____________
எத்தனை நாள்: ____________
யாருக்காகத் தைத்தார்: ____________